குழாயில் ஒரு தட்டு

லேத்காரருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். சிகரெட்டை விட்ட பிறகு லேத் மெஷின்கூட அவரிடம் திட்டு வாங்கியது. அவரும் வெல்டரும் பாய்லர் அண்ணனும் சேர்ந்துதான் விட்டார்கள். பட்டறை முழுக்க ஓடும் நீராவிக் குழாய்தான் அவர்களுக்குத் துணை. வாய் நமநமத்தால் குழாயில் ஒரு தட்டு தட்டவேண்டும். கேட்டவர் இரண்டு தட்டினால், 'பொறுத்துக்கோ' என்று அர்த்தம்.

போன மாதம் பாய்லர் அண்ணன் நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தார். பாய்லரை அணைத்து அறையைப் பூட்டிவிட்டார்கள்.

போன வாரம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் லேத்காரர் ஒளித்து வைத்திருந்த சிகரெட்டை உதட்டில் வைத்தார். தீக்குச்சியை உரசப் போனபோது குழாயில் 'டங்' என்று ஒரு தட்டு.

"ஏன்யா, உனக்கும் தாங்கலையா?" என்று எரிந்து விழுந்தபடி திரும்பினார். பின்னாலேயே வெல்டர் டிபன் டப்பாவோடு நின்றார்.

"நான் தட்டலண்ணே."

வெல்டர் பூட்டிய கதவையே பார்த்தார். லேத்காரர் குழாயைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. மறுபடி 'டங்'. இந்தத் தடவை கெஞ்சுகிற மாதிரி.

"செத்தும் விடமாட்டேங்குதே இந்த சிகரெட்டுச் சனியன்" என்று முணுமுணுத்த லேத்காரர், சிகரெட்டைக் கசக்கி எறிந்தார். ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினார். குழாய் அடங்கியது.

அதற்கப்புறம் அவர் சாப்பிடக்கூட வெளியே போவதில்லை. அண்ணன் தட்டினால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே.