மூன்றாவது கிண்ணம்

இரும்பு அலமாரியைப் பூட்டி, கைப்பிடியை இழுத்துப் பார்த்து, உட்கார்ந்த மறுநிமிடமே எழுந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறார் துருஸ்பெக். தேநீருக்குப் போனால்கூடக் கணினித் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் போவார். நாரின் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் நகராட்சியின் புள்ளிவிவரம் முழுக்க அவர் கையில். சட்டைப்பையில் எப்போதும் சூரியகாந்தி விதை. பக்கத்து மேசையில் பிறப்பு, இறப்பு பதிகிற எனக்கு, அவர் ஓயாமல் கால் ஆட்டுவதைப் பார்த்தே தலை வலிக்கும்.

முன்பு இப்படி இல்லை. ஆறு வருடத்துக்கு முன் மேய்ச்சல் நிலப் பட்டியலைத் தாமாகவே இணையத்தில் போட்டார். ஒரே ஒரு வரியில் பிழை. எல்லாரையும் கூட்டி, அவரை நிற்க வைத்து, கண்டனக் கடிதத்தை வாசித்தார்கள். அன்றிலிருந்து அலுவலக விடுமுறைப் பட்டியலைக்கூட முத்திரை இல்லாமல் காட்ட மாட்டார். முத்திரையோ நகராட்சித் தலைவரின் பெட்டகத்தில். தலைவர் மாவட்டத்தைக் கேட்பார், மாவட்டம் மாகாணத்தைக் கேட்கும். "குடுக்காதேன்னு யாரும் சொல்லல, குடுன்னும் சொல்லல. நடுவுல நான் முழிக்கிறேன்," என்பார்.

தெருக்குழாய்த் தண்ணீரின் பரிசோதனை முடிவு இரண்டு மாதமாக அந்த அலமாரிக்குள் கிடக்கிறது. பள்ளிக்கூடத்து நர்ஸ் புருல் அதைக் கேட்டு ஒவ்வொரு செவ்வாயும் மனுவோடு வருவாள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். நானும் கெஞ்சிவிட்டேன், சண்டையும் போட்டுவிட்டேன். "ஒரு எண்ணு தப்புன்னா யாரு பேரு வரும்? உன் பேரா?" என்று திருப்பிக் கேட்டார். அந்த அலமாரியை உடைத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது.

நேற்று புருல் மனு கொண்டுவரவில்லை. மூன்று பாட்டில்களில் தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் தேநீர்க் கிண்ணங்களில் ஊற்றி அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். சந்தைக் குழாய், மசூதிக் குழாய், பள்ளிக்கூடக் குழாய் என்று ஒவ்வொன்றையும் தொட்டுச் சொன்னாள்.

"பரிசோதனை முடிவு வேணாம் அண்ணே. குடிங்க, அது போதும்."

நீட்டிய கிண்ணத்தை மறுத்துப் பழக்கமில்லாத ஊர் இது. துருஸ்பெக் முதல் கிண்ணத்தைக் குடித்தார். இரண்டாவதையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். கால் ஆடுவது நின்றிருந்தது. தலைவரின் அறைக் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு, விருந்தாளி தேநீர் போதும் என்று சொல்வதுபோல், மூன்றாவது கிண்ணத்தை உள்ளங்கையால் மூடினார். புருல் பாட்டில்களை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.