லஞ்சம் வாங்காத நாய்

போன ஆடி மாதம் நான் ஒரு நாய்க்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்தேன். அது வாங்கவில்லை.

ஐம்பதைத் தாண்டியவன், கல்லூரியில் பாடம் நடத்துகிறவன், புத்தக அலமாரிக்குப் பூட்டுப் போட்டு வைத்திருப்பவன் ஆட்டெலும்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் குந்தி, "யாரும் பாக்கல, சாப்புடு" என்று ஒரு நாயின் காதில் கிசுகிசுத்தான் என்றால் அதற்கு ஏதாவது உயர்ந்த காரணம் இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. பொறாமைதான். நாயின் சொந்தக்காரர் மேல் பொறாமை என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. போகப்போக நாய் மேலேயே வந்துவிட்டது.

சொந்தக்காரர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன். தாம்பரம் பக்கம் சொந்த வீடு, கார், கம்பெனி உத்தியோகம். இவை எதுவும் என்னைத் தொட்டதில்லை. கார் ஏறினால் எனக்கு வாந்தி வரும். இல்லாததைப் பற்றி இவ்வளவு நிம்மதியாக இருக்க உடம்பே ஒத்துழைத்தது. என் வினை, அவர் ஒரு லாப்ரடார் வாங்கினார். அதை நாய்ப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். அது பரீட்சை எழுதாமலே பாஸ் செய்து சர்டிபிகேட் வாங்கியது. அந்த சர்டிபிகேட் போட்டோவாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து இறங்கியது. கையெழுத்து, முத்திரை, நாயின் படம். என் பட்டச் சான்றிதழில் படம் கிடையாது.

அதன் கீழே மாமனார் ஒரு கும்பிடு போட்டிருந்தார். என் கட்டுரை பத்திரிகையில் வந்தபோது நான் அனுப்பிய படத்துக்கு அவர் போட்டது ஒரு கட்டைவிரல்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாகறலில் செய்யாற்றை ஒட்டிக் கொஞ்சம் நிலம், கறவை மாடுகள், வீட்டுக்குப் பின்னால் கொல்லை. எனக்கு இந்த உலகத்தில் மதிப்பு இருந்த ஒரே இடம் அந்த வீடு. உத்திரமேரூரில் என் வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. கல்லூரியில் கேட்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் மாகறலில், தண்ணீருக்குப் போர் எங்கே போடுவது, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எதுவானாலும் மாமனார், "இருங்க, பெரிய மாப்ளைய ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்பார். போரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் நான் கண்ணை மூடி யோசித்து ஒரு வார்த்தை சொல்வேன். அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலில்தான் இத்தனை வருஷம் நான் உயிர்வாழ்ந்தேன் என்றால் மிகையில்லை.

ஆடியில் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிறன்று இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் அழைப்பு. காலையில் கூழும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும், மத்தியானம் கறிச்சோறு. நாங்கள் ஸ்கூட்டரில் போய் இறங்கியபோது சகலையின் கார் ஏற்கெனவே வாசலில் நின்றது. நாய் மாமனார் காலடியில் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்பதுகூடச் சரியில்லை. நேர்காணலுக்கு வந்ததுபோல் நிமிர்ந்திருந்தது.

"வாங்க மாப்ள" என்றார் மாமனார், நாயிடமிருந்து கண்ணை எடுக்காமல். "இத்த பாருங்களேன். குந்துன்னா குந்துது, படுன்னா படுக்குது. அல்லாம் இங்கிலீஷ்ல."

அப்புறம்தான் விஷயம் வந்தது. திருமுக்கூடல் உறவுக்காரர் வீட்டிலிருந்து ஒரு நாட்டு நாய்க்குட்டி கொண்டுவந்திருந்தார்கள். மணிலாக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் கொல்லையில், பன்றி புகுந்து செடியைப் புரட்டிவிட்டுப் போகிறது, அதற்குக் காவல். அந்தக் குட்டியையும் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று சகலை யோசனை சொல்லியிருக்கிறார். மாமனார் சரி என்றுவிட்டார்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் ஊர் கோயில் கல்வெட்டில் தேர்தலுக்கு நிற்கிறவனுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று வெட்டி வைத்திருக்கிறது. ஆகவே தகுதி பற்றிப் பேச உத்திரமேரூர்க்காரனுக்குப் பிறப்புரிமை உண்டு என்பது என் நம்பிக்கை. கேட்காமலே பேசினேன்.

"மாமா, சர்டிபிகேட்டுன்னா இன்னான்னு எனக்குத் தெரியும். வருஷா வருஷம் குடுக்கிறவன் நானு. ஹிந்தியில எல்லாப் பரீட்சையும் பாஸ் பண்ணவன். காசிக்குப் போனப்ப தண்ணி வேணும்னு கையால ஜாடை காட்டினேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இன்னிக்கும் ரெண்டு விரல்தான். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினேன்; அந்த எட்டை அப்புறம் எந்த ரோட்டுலயும் பாத்ததில்ல."

"அது உங்க சங்கதி மாப்ள" என்றார் மாமனார்.

சகலை பொறுமையான மனிதர். அதுவும் ஒரு எரிச்சல். "அண்ணா, இது சும்மா தர்றதில்ல. வெளியிலேர்ந்து ஆள் வந்து டெஸ்ட் வெச்சாங்க. புதுசா ஒருத்தர் கறி நீட்டினா வாங்கக் கூடாது. தரையில கெடக்கிறதத் தொடக் கூடாது. யாராவது விஷம் வெச்சாலும் தப்பிக்கணும்ல?"

"அங்க பள்ளிக்கூடத்து மைதானம், பள்ளிக்கூடத்து வாத்தியார், சொல்லிக்குடுத்த கேள்வி. அதுல பாஸ் ஆகாம என்ன? இங்க கோழி, ஆடு, கறிக்கொழம்பு வாசனை. இங்க வெச்சுப் பாருங்க டெஸ்ட்ட."

மாமனார் மீசையைத் தடவினார். "அப்டின்றீங்களா? அப்ப பாத்துறலாமே. இலையப் போட்டுக் கறிச்சோறு வெக்கிறது. நாம துன்னு எழுந்துக்கற வரிக்கும் நாய் வாய வெக்காம இருந்துச்சின்னா குட்டி ஸ்கூலுக்குப் போவுது. வெச்சிடுச்சின்னா பெரிய மாப்ள சொன்னது சொன்னதுதான்."

எனக்குப் போன உயிர் பாதி வந்தது.

வேப்பமரத்தடியில் தலைவாழை இலை போட்டு, சோறு போட்டு, மேலே கறியும் குழம்பும் ஊற்றினார்கள். சகலை ஒரு வார்த்தை சொல்லி விரலைக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டார். நாங்கள் பந்தியில் உட்கார்ந்தோம். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாக நாய் தெரிந்தது. நான் இரண்டாம் தடவை சோறு வாங்கினேன், அது அசையவில்லை. கோழி ஒன்று வந்து இலையோரம் கொத்தியது, அதையும் பார்க்கவில்லை. கறி வேண்டாம் என்று டாக்டர் எனக்கு எழுதியே கொடுத்திருக்கிறார். மூன்றாம் தடவை மாமியார் கரண்டியோடு வந்தபோது, போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதிலிருந்து "கொஞ்சமா போடுங்க" என்று வந்தது. நாயைப் பார்த்து நான் பொறாமைப்பட ஆரம்பித்த நேரம் அதுதான்.

கை கழுவுகிற சாக்கில், நல்ல மஜ்ஜையுள்ள எலும்பாக ஒன்றை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் எழுந்தேன். பந்தியில் பெரியவர் எழுமுன் மாப்பிள்ளை எழுவது அந்த வீட்டில் பெரிய தப்பு. பொறாமை அதையும் செய்ய வைத்தது. கொல்லை வழியாகச் சுற்றி வேப்பமரத்துக்கு வந்து குந்தினேன்.

எலும்பை மூக்குக்கு நேராக நீட்டினேன். நாயின் வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. ஆகா, இதுவும் மனுஷன்தான் என்று நினைத்தேன். அது என்னை ஒரு பார்வை பார்த்தது. அதில் கோபம் இல்லை. கல்யாண வீட்டில் தெரியாதவர் வந்து தோளில் கை போட்டால் நாம் ஒதுங்குவோமே, அப்படி முகத்தை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. நான் அந்தப் பக்கம் போனேன். அது இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

என் உத்தியோக வாழ்க்கையில் பரீட்சை முடிந்த பிறகும் பாடத்தை ஞாபகம் வைத்திருக்கிற ஒரு ஜீவனை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அந்த சர்டிபிகேட்டில் எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. உண்மையாக இருந்ததுதான் வயிற்றைப் பற்றவைத்தது. போலியாக இருந்திருந்தால் சகலையை எவ்வளவு நேசித்திருப்பேன்!

எலும்பை வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, கை கழுவி, வெற்றிலை போடுகிறவர்களோடு போய் நின்றுகொண்டேன். எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள். கோழி கொத்திய ஓரம் தவிர, இலை வைத்தது வைத்தபடி இருந்தது.

"சின்ன மாப்ள ஜெயிச்சிட்டாரு" என்றார் மாமனார். "நாளைக்கே குட்டிய இட்னு போங்க."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு யாராவது சர்டிபிகேட் கொடுத்திருக்க வேண்டும்.

சகலை நாயைத் தட்டிக்கொடுத்து, "ஓகே, சாப்பிடு" என்றார். நாய் வாலை ஆட்டியது. சாப்பிடவில்லை. இன்னொரு தடவை சொன்னார். வால் இன்னும் வேகமாக ஆடியது. இலைப் பக்கம் திரும்பவில்லை.

"இன்னாப்பா, பசி இல்லையா அதுக்கு?" என்றார் மாமனார்.

சகலையின் முகம் கொஞ்சம் மாறியது. "இல்ல மாமா, அது அதோட கிண்ணத்துலதான் சாப்பிடும். தரையில, இலையில வெச்சாத் தொடக் கூடாதுன்னு பழக்கியிருக்காங்க. கிண்ணத்த அவசரத்துல வூட்லயே வெச்சிட்டு வந்துட்டோம்."

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற மாமியார் முன்னால் வந்தார். "இலையில போட்டாத் துன்னாதா? மாப்ளைங்களே இலையிலதான் துன்னாங்கோ. அம்மனுக்குக் கூழு ஊத்துன நாளு, வூட்டுக்கு வந்த உசுரு பட்டினியாப் போனா ஊரு இன்னா பேசும்?" என்று சொல்லிக்கொண்டே இலைக்கு எதிரே குந்தி, சோற்றைப் பிசைந்து உருட்டி, "துன்னு நைனா, ஒரு வாயி துன்னு" என்று நீட்டினார். நாய் மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டது. அந்த வீட்டில் மாமியார் நீட்டிய உருண்டையை இதுவரை யாரும் மறுத்ததில்லை. அவர் எழுந்து முந்தானையில் மூக்கைத் துடைத்தார். வீடே சங்கடப்பட்டது.

சகலை பயிற்சியாளருக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, எடுக்கவில்லை. மாட்டுக்குத் தவிடு வைக்கிற அன்னக்கூடையில் போட்டுப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் முறத்தில் போட்டார்கள். மண்சட்டியில் போட்டார்கள். நாய் ஒவ்வொன்றையும் முகர்ந்து, இது என்னுடையது அல்ல என்பதுபோல் நகர்ந்துகொண்டது. எனக்குள் ஒரு சின்னப் பாட்டு கிளம்பியது.

"எவர்சில்வர்ல ஏதாவது கீதா? அதோட கிண்ணம் எவர்சில்வர்தான், ஓரம் வெச்சது" என்றாள் என் மைத்துனி.

மாமியார் உள்ளே போய், பளபளவென்று ஒரு பெரிய விளிம்புத் தட்டோடு வந்தார். எனக்கு அந்தத் தட்டைத் தெரியும். கல்யாணத்துக்கு மறுவருஷம் காஞ்சிபுரத்துப் பாத்திரக் கடையில் வாங்கி, நான் வந்தால் சாப்பிட என்று, விளிம்பில் என் பெயரைப் பொறித்து வைத்த தட்டு. விருந்து நாளானதால் இலை. தட்டு சும்மா இருந்தது.

சோற்றைப் போட்டு வைத்தார்கள். சகலை சொன்னார். நாய் சாப்பிட்டது. என் முதலெழுத்து வரைக்கும் நக்கியது.

"பாத்தியா, பெரிய மாப்ள தட்டு ஒத்துக்கிச்சி" என்று மாமியாருக்கு முகம் மலர்ந்தது.

மாமனார் மட்டும் யோசித்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "நாயி பாஸுதான். அதுல பேச்சே இல்ல. ஆனா எனுக்குப் பன்னி வெரட்டணும்பா. பன்னி வர்ற நேரத்துல தட்டு எங்க, கிண்ணம் எங்கன்னு நான் தேடிக்கினு நிக்க முடியுமா? குட்டி இங்கியே கெடக்கட்டும். கொல்லையில சுத்தட்டும்."

சகலை, "சரி மாமா" என்றார், அதே பொறுமையோடு. நான் பக்கத்திலிருந்த மாட்டைத் தடவிக்கொடுத்தேன். எனக்கு யாரையாவது தடவிக்கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் ஸ்கூட்டரில் திரும்பினோம். மனைவி பின்னால். ஊரைத் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"பாத்தியா? கடைசியில உங்கப்பா என் பேச்சத்தான் கேட்டாரு. குட்டி ஸ்கூலுக்குப் போவல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என்ன, நான் சொல்றது சரிதானே?"

"நீங்க மரத்தடியில குந்திக்கினு எலும்பு நீட்டினத அப்பா மாட்டுக் கொட்டாயிலேர்ந்து பாத்துட்டாரு."

வண்டி கொஞ்சம் ஆடியது. "பந்தியிலதானே இருந்தாரு?"

"மாப்ள பாதியில எழுந்துட்டாரே, ஒடம்புக்கு முடியலையோன்னு பின்னாலியே வந்தாராம்."

வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். "ஏதாவது சொன்னாரா?"

"கெளம்பும்போது சொன்னாரு. 'அந்த நாயிக்கு சர்டிபிகேட்டு குடுத்தவன் கரீட்டாப் பாத்துதான் குடுத்துகிறான். நம்ம மாப்ளைக்கு எம்.ஏ. குடுத்தவன் யாருன்னுதான் தெரியல'ன்னாரு."