ரோடியம் சங்கிலி அறுந்த விதம்

1. ஊதா

பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டிய காலையில் லேபுக்குள் நுழைந்தேன். சீல் வைத்திருந்த என் கண்ணாடிக் குழாய் கழுத்து உடைந்து மேசையில் கிடந்தது. பக்கத்தில் மூடி போட்ட சின்ன பாட்டில். அதில் ஏதோ திரவம், அடியில் ஊதாக் கட்டிகள். முந்தின மாலை நான் கிளம்பும்போது அவை பச்சை ஊசிகள்.

தருமபுரி பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அப்போது நான் புராஜெக்ட் அசிஸ்டென்ட். செய்ததெல்லாம் ரோடியம் சேர்மங்கள். விஷயம் எளிது: ரோடியம் அணுக்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கும். ஜோடியின் இரு முனையும் காலி. அசிட்டோநைட்ரைல் மாதிரி ஒரு சால்வென்ட், அதாவது கரைப்பான், கிட்டே வந்தால் அந்த முனைகளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சால்வென்டே இல்லையென்றால்? ஒரு ஜோடி அடுத்த ஜோடியைப் பிடிக்கும், அது அதற்கடுத்ததை. சங்கிலி! அதற்காகத்தான் ரோடியம் சேர்மத்தின் தூளைக் காற்று நீக்கிய குழாயில் சீல் செய்து, ஒரு முனையைச் சூடாக்கி, ஆவியை மறுமுனையில் படிய வைத்தேன். பல குழாய்களில் கறுப்புத் தூள்தான் மிஞ்சியது. இந்த ஒன்றில் மட்டும் ஊசி ஊசியாக வளர்ந்தது. எக்ஸ்ரேயில் கட்டமைப்பு வந்தால் புராஜெக்ட் நீளும், நான் பிஎச்.டி. பதியலாம். வராவிட்டால் இரண்டும் இல்லை. ரோடியமும் தீர்ந்துவிட்டிருந்தது.

என் கைடு டீ கிளாஸோடு வந்தார்.

"என்னங்க சார் இது?"

"கிரிஸ்டல் காஞ்சா வெடிச்சிரும்மா. அசிட்டோநைட்ரைல் ஊத்தி வெச்சேன். பாரு, ராத்திரியோட எவ்ளோ பெருசாயிருக்கு!"

கரைப்பானில் வளர்ந்த படிகத்தை வெளியே எடுத்தால் விரிசல் விடும். அதனால் திரவத்தில் போட்டே அனுப்புவது எங்கள் துறையின் வழக்கம். காலமெல்லாம் அதையே செய்து பழகிய கை அவருடையது.

"இதுல சால்வென்டே கெடையாதுங்களே சார். நம்ம புராஜெக்ட் டைட்டிலே 'சால்வென்ட் இல்லாத சங்கிலி'தானுங்க."

"டைட்டில் பேப்பர்ல இருக்கட்டும். கிரிஸ்டலை எப்பிடி காப்பாத்தறதுன்னு எனக்குச் சொல்லித் தர்றியா? போ, ரயிலு போயிரும்."

2. பெங்களூர்

எக்ஸ்ரே மையத்தில் கிடைத்த தேதியை விட்டால் மறுபடி கிடைக்காது. அடியில் ஒரு பச்சை ஊசியாவது மிஞ்சியிருக்கும் என்ற நப்பாசையோடு போனேன். கருவியை இயக்குபவர் கிருஷ்ணகிரிக்காரர். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"சால்வென்ட் ஃப்ரீன்னு எழுதியிருக்கீங்க. இது நீச்சல் கொளத்துலருந்து வந்திருக்குதுங்களே மேடம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைக்ராஸ்கோப்பில் தேடினோம். பச்சை ஒன்றுகூட இல்லை. ஓர் ஊதாக் கட்டியைக் கருவியில் ஏற்றி, படிகத்தின் அடிப்படை அளவான யூனிட் செல்லை மட்டும் பார்த்தார். டேட்டாபேஸ் உடனே பொருத்தம் காட்டியது.

"இது ஏற்கெனவே யாரோ பேப்பர்ல போட்ட ஸ்ட்ரக்சருங்க. ரெண்டு முனையிலயும் அசிட்டோநைட்ரைல். சங்கிலியெல்லாம் இல்லீங்க. முழு டேட்டா எடுக்கணுமா?"

"வேண்டாங்க," என்றேன்.

3. கமிட்டி

ஆய்வுக் கமிட்டி முன் கைடு ஸ்லைடு போட்டார். என் பச்சை ஊசிகளின் போட்டோ அதில் அழகாக இருந்தது. கீழே ஒரு வரி: 'மாணவி மாதிரியைக் கையாண்டதில் பிழை, கட்டமைப்பு உறுதியாகவில்லை.' வெளியே வந்ததும் மறித்துக் கேட்டேன்.

"நான் எங்கீங்க சார் கையாண்டேன்?"

"உன்னக் குத்தம் சொல்லல கண்ணு. அவங்களுக்கு ஏதாச்சும் காரணம் சொல்லணுமில்ல? நீ சின்னப் பொண்ணு, உனக்கு எங்க போனாலும் வேல கெடைக்கும்."

கிடைத்தது. ஓசூரில் ஒரு மருந்து கம்பெனி. பீப்பாய் பீப்பாயாக சால்வென்ட் சோதிக்கிறேன்.

போன மாதம் அரூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அதே கைடிடம் புதிதாகச் சேர்ந்தவள். அதே தலைப்பு, புதிய நிதி.

"அக்கா, சீல்டு டியூப்ப ஒடைக்காம அப்பிடியே அனுப்பணுமாம். சார் மொதல் நாளே சொல்லிட்டாருங்க."

"ஏன்னு சொன்னாரா?"

குரலைத் தாழ்த்தினாள். "முன்னாடி இருந்த பொண்ணு ஒடைச்சி சால்வென்ட ஊத்திட்டாளாம்."

ஆக, கற்றுக்கொண்டிருக்கிறார். வேதியியலை மட்டும்.

இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு என்னிடம் உள்ள பாடம் அவளிடம் சொன்னதுதான்: "வூட்டுக்குப் போறப்ப குழாய லேப்ல வெச்சிட்டுப் போவாத. கூடவே எடுத்துட்டுப் போ."