கர்னல் மாரப்பனின் எண்ணூறு ரூபாய்

சித்தேரி மலையில் இருக்கும் குள்ளம்மாளுக்குக் கர்னல் மாரப்பன் எண்ணூறு ரூபாய் கடன். வருசா வருசம் பொங்கல் முடிந்த கையோடு, நூறு ரூபாய் நோட்டுகளாக அந்தப் பணத்தைச் சட்டையின் உள்பையில் வைத்து, ஊக்கு குத்திக்கொண்டு பொம்மிடியில் பஸ் ஏறுவார். அரூரில் இறங்கி மலை பஸ் பிடிப்பார். சாயங்காலம் அதே நோட்டுகளோடு திரும்பி வந்து நிற்பார்.

"பாகிஸ்தான்காரனுக்குப் பயப்படாத மனுசன், ஒரு கெழவிகிட்ட தோத்துட்டு வர்றாரு பாரு," என்பார் மனைவி அமுதவல்லி. சொல்லிக்கொண்டே ஊக்கைக் கழற்றிப் பணத்தை வாங்கி வைப்பதும் அவர்தான்.

ரேஷன் கடைக்குப் போனாலும் சவரம் செய்து, செருப்புக்குப் பாலிஷ் போட்டுத்தான் கிளம்புவார் மாரப்பன். தோட்டத்து வாழைகள் கயிறு பிடித்து நட்டவை. ஒன்று விலகி வளர்ந்தாலும் முறைப்பார். பக்கத்து வூட்டு ஆட்டை விரட்டுவது இந்தியில். ஊரில் அவரைக் கர்னல் என்று கூப்பிட ஆளில்லை. சிப்பாயாகத் திரும்பியவனும் மிலிட்டரி, கர்னலாகத் திரும்பியவரும் மிலிட்டரி.

"மிலிட்டரி, கேன்டீன் சரக்கு எப்பங்க வருது?" என்று டீக்கடையில் எவனாவது இளிப்பான்.

"ஆயிரம் பேருக்கு ஆர்டர் போட்டவன்டா நான். ஒனக்கு ஊத்திக் குடுக்கவா பொறந்தேன்?" என்று பாய்வார். மாதம் பிறந்தால் அவனுக்கே ஒரு பாட்டில் போய்ச் சேரும்.

சும்மா வந்த பதவியா அது? அப்பன் குவாரியில் கல் உடைத்தவர். மகன் பத்தாவதோடு பட்டாளத்துக்குப் போய், சிப்பாயாகச் சேர்ந்து, அங்கேயே படித்து, பரீட்சை எழுதி ஆபீசர் ஆனவர். பெரிய பெரிய காலேஜில் படித்து வந்தவனெல்லாம் அவருக்கு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். சிபாரிசு கிடையாது, பிடித்துத் தூக்கிவிட ஒரு கை கிடையாது. தன் கையை ஊன்றித் தானே எழுந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். மற்றவனுக்கு விடிய விடியச் சொன்னாலும் ஏறாது.

அப்படிப்பட்டவர் கைநீட்டிக் கடன் வாங்கியது ஒரே ஒரு முறை. மேஜராக இருந்த காலம். லீவு முடிந்து திரும்பும் வழியில் டில்லி ஸ்டேஷனில் எவனோ பர்ஸை அடித்துவிட்டான். அதே ரயிலில் வந்த அவருடைய சிப்பாய் ராஜப்பன், குள்ளம்மாளின் மூத்த மகன், சட்டைப் பையிலிருந்து எண்ணூறு ரூபாயை எடுத்து நீட்டினான். எல்லைக்குப் போய்ச் சேர்ந்ததும் இவர் திருப்பிக் கொடுத்தார். அவன் வாங்கவில்லை.

"இங்க குடுத்தீங்கன்னா சீட்டாட்டத்துல போயிடும் சார். அடுத்த லீவுல எங்கம்மா கையில குடுங்க."

அந்தப் பனிக்காலத்தில் ஒருநாள் ரோந்துக்கு ஆள் பிரித்தபோது ராஜப்பன் பெயரைச் சொன்னவர் மாரப்பன். மதியத்துக்கு மேல் பனி சரிந்தது. தோண்டினார்கள். கூடப் போனவர்கள் விறைத்துக் கிடைத்தார்கள். ராஜப்பன் கிடைக்கவேயில்லை. வூட்டுக்கு வந்தது அவனுடைய இரும்புப் பெட்டி மட்டும்தான்.

குள்ளம்மாளின் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவனிடம் கடன் பட்டவன், கருமாதி அன்று எல்லோர் முன்னாலும் பெற்றவள் கையில் அதை எண்ணி வைக்க வேண்டும். அவள் வாங்கிவிட்டால் செத்தவன் கணக்கு முடிந்தது, அவன் போய்விட்டான் என்று அர்த்தம். பிணத்தைப் பார்க்காத குள்ளம்மாள் கருமாதியே செய்யவில்லை. சர்க்கார் பணம் பேங்குக்கு வந்தது. சின்ன மகன் மாது எடுத்துச் செலவழித்தான். அதை அவள் தடுக்கவில்லை.

"சர்க்காரு பேப்பரப் பாத்துக் குடுக்குது. நான் இன்னும் எம்புள்ளயப் பாக்கலியே," என்பாள்.

முதல் தடவை போனபோது மாரப்பன் ஒரு தப்பு செய்தார். எண்ணூறோடு ஒரு கட்டு நோட்டைச் சேர்த்து நீட்டினார். கிழவி நிமிர்ந்து பார்த்தாள்.

"கடன் எண்ணூறுன்னு சொன்ன. மிச்சம் என்னாத்துக்கு? அவன அனுப்புனதுக்குக் கூலியா?"

அதற்குப் பிறகு ஒரு ரூபாய் கூட்டியதில்லை. வருசா வருசம் நீட்டுவார். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். "குடுத்தவன் வந்து வாங்கிக்குவான். நீ சாப்புட்டுப் போ சாமி." சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போடுவாள். ஆயிரம் பேருக்கு ஆர்டர் போட்டவர் வாய் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து வருவார்.

இந்த வருசம் ஆடி மாதத்திலேயே மலை பஸ் கண்டக்டர் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார். "குள்ளம்மா ஒங்கள வரச் சொல்லுச்சுங்க. பணத்தோட."

அன்றைக்கு மாரப்பன் சவரம் செய்யவில்லை.

வாசலில் ஊர் சனம் உட்கார்ந்திருந்தது. மாது தலையை மழித்திருந்தான். இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்த பச்சைச் சட்டையை இலையில் மடித்து வைத்து, அதன் முன்னால் சோறு படைத்திருந்தார்கள். குள்ளம்மாள் எலும்பாகிப் போய்ச் சுவரில் சாய்ந்திருந்தாள். கண்ணில் பூ விழுந்திருந்தது. குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுகொண்டாள்.

"வந்துட்டியா சாமி. நான் போயிட்டா இவனுங்க அவனுக்கு ஒரு வாய் சோறு வெக்க மாட்டானுங்க. அதான் நானே வெச்சுட்டுப் போயிடறன்."

இத்தனை வருசம் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிய மனுசனுக்கு அன்று ஊக்கு கழலவில்லை.

"அவசரம் என்னா ஆத்தா? அடுத்த தைக்கு வர்றேனே."

"அடுத்த தைக்கு நான் இருக்க மாட்டன். குடு."

மாதுதான் எழுந்து வந்து ஊக்கைக் கழற்றிவிட்டான். மாரப்பன் செருப்பை விட்டு இறங்கி, கிழவி முன் மண்ணில் முட்டி போட்டார். முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வந்து விரிந்தது.

"வாயால சொல்லி எண்ணு சாமி. அவன் காதுல வுழட்டும்."

பரேடு மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்ட குரல் மாரப்பனுடையது. பக்கத்தில் இருந்தவர்களே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. "நூறு," என்று ஒரு நோட்டை வைத்தார். "இருநூறு." ஒவ்வொன்றுக்கும் கிழவி தலையை ஆட்டினாள். எழுநூறில் குரல் நின்றுபோனது. கடைசி நோட்டு அவர் விரலிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தது. விரித்த கை விரித்தபடியே காத்திருந்தது.

"எண்ணூறு," என்று வைத்தார்.