ஒரு கொட்டைக்குப் போன கவிதை

கவிதை என்றால் எனக்கு உயிர். அதனால்தான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே யூரியா மூட்டையை வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

மூட்டையை அல்ல, அதன் முதுகில் அச்சடித்திருந்ததை. திருநாவலூரிலிருந்து கிளம்பி, உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, கள்ளக்குறிச்சி வரும்வரை யாரோ ஏற்றிய உர மூட்டை ஒன்று என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது. படிக்க வேறு எதுவும் இல்லை, அதைப் படித்தேன். பள்ளிக்குப் போனதும் வரி பிரித்துக் கரும்பலகையில் எழுதினேன்.

கொக்கி போடாதீர்
ஈரம் படாமல் வைப்பீர்
குழந்தைகளுக்கு எட்டாமல்
நிகர எடை

கீழே, "நயம் பாராட்டுக" என்று எழுதிவிட்டுக் கைகட்டி நின்றேன்.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு எழுதிய யாருக்கும் இந்தக் கேள்வி மறக்காது. ஒரு பாட்டைக் கொடுப்பார்கள். அதைத் திரண்ட கருத்து, மையக் கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சந்தம், சுவை என்று தலைப்புப் போட்டுப் பாராட்ட வேண்டும். திட்ட முடியாது. பாராட்டத்தான் வேண்டும். தலைப்புக்கு ஒன்றாக ரெடிமேட் வாக்கியம் கைவசம் இருக்கும். காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை. படிப்போர் நெஞ்சை அள்ளும் வண்ணம் கவிஞர் பாடியுள்ளார். எந்தக் கவிஞர், எந்தப் பாட்டு, யாருடைய நெஞ்சு என்பதெல்லாம் யாருக்கும் தேவையில்லை.

என் வகுப்பும் பாராட்டியது. 'கொக்கி போடாதீர்' என்பதன் மூலம் கவிஞர் அகிம்சையை வலியுறுத்துகிறார் என்று எழுதியிருந்தாள் ஒருத்தி. நெஞ்சில் ஈரமற்ற சமுதாயத்தைக் கவிஞர் சாடுகிறார் என்றான் இன்னொருவன். 'நிகர எடை' என்று முடித்திருப்பது வாழ்வின் நிலையாமையை உணர்த்துகிறதாம்.

ஒரு பெண் மட்டும் எழுதாமல் தாளை வெறுமையாகக் கொடுத்திருந்தாள். வெள்ளிமலைப் பெண், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"யூரியா மூட்ட மிஸ் இது."

வகுப்பு சிரித்தது. ரிஷிவந்தியத்துப் பையன் ஒருவன் எழுந்தான். மாமா வீட்டில் தங்கியிருப்பவன், அப்பாவுக்கு மக்காச்சோள விவசாயம். "எனக்கும் தெரியும் மிஸ். எங்க வூட்லயே பத்து மூட்ட கெடக்குது."

"அப்புறம் ஏன்டா எழுதினே?"

"பாராட்டுன்னு போட்டிருந்தீங்க. பாராட்டுனேன்."

மதியத்துக்குள் விஷயம் தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டது. அவரும் தமிழ்தான். நான் தற்காலிகமாக வந்தவள். அதுவரை பத்தாம் வகுப்புத் தமிழை அவரே எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, யூரியாவுக்கு நயம் பாராட்டச் சொன்னியாமே?"

"யோசிக்கிறாங்களான்னு பாக்கத்தான் மேடம்."

"யோசிச்சாங்களா?"

"இல்ல மேடம்."

"எழுதுனாங்க இல்ல? அது போதும். பாஸ் ஃபெயில் நடுவுல நிக்கற பசங்கள இந்தப் பக்கம் தூக்கிப் போடறதே அந்த அஞ்சு மார்க்குதான். அதுல கைய வெக்காத."

நான் விடவில்லை. கவிதையை விளையாட்டாக உடைத்துப் பார்த்தால் பிள்ளைகள் தாங்களே படிப்பார்கள், அதற்குப் பயிற்சிகள் இருக்கின்றன என்று மூச்சுவிடாமல் பேசினேன். பி.எட். முடித்த சூடு. அவர் டிபன் பாக்ஸை மூடும்வரை பேசிவிட்டேன்.

"சரி, திருப்புதல் தேர்வு வரிக்கும் பண்ணு. அந்தக் கேள்வில மார்க் கொறஞ்சுதுன்னா பத்தாவது எனக்கு. நீ ஆறாவதுல போய் ஒத்தெழுத்து சொல்லிக்குடு."

ஆறாம் வகுப்பின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அங்கே என்னோடு சண்டை போட ஆள் இல்லை. பத்தாம் வகுப்பில்தான் 'பாராட்டுனேன்' என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறவன் இருந்தான், வெறும் தாளைத் தைரியமாக நீட்டுகிறவள் இருந்தாள். அந்த வகுப்பை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏலம் வைத்தேன்.

திட்டம் பிரமாதமானது. ஒரு சின்னக் கவிதை. அதிலுள்ள ஒவ்வொரு வார்த்தையும் ஏலத்துக்கு வரும். நான்கு குழுக்கள், குழுவுக்கு ஒரு கை புளியங்கொட்டை. எந்த வார்த்தை இல்லாவிட்டால் கவிதை செத்துப்போகுமோ அதற்கு அதிகக் கொட்டை கொடுப்பார்கள். ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கேட்பேன். அவர்கள் விளக்குவார்கள். இலக்கியம் வளரும்.

கைடில் இல்லாத கவிதையாக இருக்க வேண்டும் என்பதால் நானே எழுதிவிட்டேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை.

கடைசி பஸ் போய்விட்டது
காத்திருந்தவள்
குடையை மடக்குகிறாள்
இன்னும் மழை

டஸ்டரால் மேசையைத் தட்டி முதலில் 'மழை'யை எடுத்தேன். போட்டி அதற்குத்தான் பலமாக இருக்கும் என்று நினைப்பு.

"மழை! யார் கேக்கறீங்க?"

"ஒரு கொட்ட," என்றான் ரிஷிவந்தியத்துப் பையன்.

"அதுக்கு மேல?"

யாரும் அசையவில்லை. மற்ற மூன்று குழுவும் சாமியார் கூட்டம் மாதிரி மோட்டுவளையைப் பார்த்தன. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். 'மழை' ஒரு கொட்டைக்குப் போனது. 'குடை'யும் ஒரு கொட்டை. 'இன்னும்' என்ற வார்த்தைக்காக முந்தின நாள் நான் ஒரு மணி நேரம் தவம் கிடந்திருந்தேன். அதுவும் ஒரு கொட்டை. மொத்தக் கவிதையும் ஒரே குழுவுக்கு, வார்த்தைக்கு ஒரு கொட்டையாகப் போய்ச் சேர்ந்தது.

"என்னடா நடக்குது இங்க?"

"கூட்டு மிஸ்," என்றான். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அவனுக்கு இரக்கம் வந்துவிட்டது. "மண்டில இப்பிடித்தான் மிஸ். வாங்கற ஆளுங்க எல்லாம் முன்னாடியே பேசி வெச்சிக்குவாங்க. ஒருத்தர் மட்டும் கம்மியா கேப்பாரு, மத்தவங்க வாயத் தொறக்க மாட்டாங்க. அப்பறமா பின்னாடி போய்ப் பிரிச்சிக்குவாங்க. எங்கப்பா மூட்டய எறக்கிட்டு நின்னுகினு பாத்துகினே இருப்பாரு."

"மலைக்கு வர்ற யாவாரிங்களும் அப்பிடித்தான் மிஸ்," என்றாள் வெள்ளிமலைக்காரி. "கடுக்கா வாங்க நாலு ஜீப்பு வரும். நாலு பேரும் ஒரே ரேட்டுதான் சொல்லுவாங்க. நாங்க விக்கறவங்க. இன்னைக்குத்தான் மொதமொறயா வாங்கறோம்."

"மிச்சக் கொட்டைய என்ன பண்ணப் போறீங்க?" என்றேன்.

"வறுத்துத் துன்னப் போறோம்."

மணி அடித்தது. இலக்கியம் வளரவில்லை. கரும்பலகையை அழிக்கக்கூடத் தெம்பில்லாமல் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்புப் புத்தகம் மேசையிலேயே கிடந்தது. புரட்டிக்கூடப் பார்த்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் சத்தம். அடிதடி என்று நினைத்து ஓடினேன். பத்தாம் வகுப்பு மொத்தமும் வட்டமாக நின்றது. ஏலம் எடுத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வார்த்தைகளைத் துண்டுக் காகிதங்களில் எழுதித் தரையில் பரப்பியிருந்தார்கள். யாருக்கு எது என்பதுதான் தகராறு.

"'கடைசி' எங்களுக்கு," என்றாள் வெள்ளிமலைக்காரி.

"அதுல இன்னா இருக்குது? 'மழை'ய எடுத்துக்க."

"மழ எவனுக்கு வேணும்? 'கடைசி' இல்லன்னா அவ அடுத்த பஸ்ல போய்டுவா. அப்பறம் கவிதயே இல்ல, டைம் டேபிள்தான்."

ரிஷிவந்தியத்தான் சளைக்கவில்லை. "அப்ப 'மடக்குகிறாள்' எங்களுது. அதுதான் ஜாஸ்தி வெல. மழ பெய்யும்போது எவளாவது குடய மடக்குவாளா? வேணும்னே நனையறா. அழுவறது வெளிய தெரியக் கூடாதுன்னு."

அடடா, நான் எழுதியது அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது என்று வேப்பமரத்தைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

"யாரு அழுவறா?" என்றாள் அவள். "பஸ்ஸு பூட்ச்சி, ஜீப்பு வந்திருக்கும். ஜீப்புல ஏறணும்னா குடய மடக்கித்தான் ஆவணும். அவ ஏறிட்டா, வெளிய இன்னும் மழ. சந்தோஷமாப் போறா."

"ஜீப்புன்னு எங்க எழுதியிருக்குது?"

"அழுவறான்னு எங்க எழுதியிருக்குது?"

அதன்பிறகு யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை. சட்டை பிடிக்காத குறை. கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "மிஸ், எழுதனவருக்குப் போனப் போட்டுக் கேளுங்க. ஜீப்பா, அழுவையா?"

"அவங்க போன் எடுக்க மாட்டாங்க," என்றேன். எழுதியவளுக்கு ஜீப் தோன்றவே இல்லை என்பதை எப்படிச் சொல்வது? அழுகையைவிட ஜீப் நன்றாக இருக்கிறதோ என்ற சந்தேகம் வேறு அவளுக்கு வந்துவிட்டது.

தலைமையாசிரியை வேகமாக வந்தார். "எந்த பஸ்ஸு? எவ போனா? போலீஸுக்குச் சொல்லணுமா?"

"கவிதை மேடம்," என்றேன்.

அவர் தரையில் கிடந்த துண்டுக் காகிதங்களைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த புளியங்கொட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "திருப்புதல் தேர்வுக்கு நான்தான் பேப்பர் திருத்துவேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தேர்வில் ஆற்றைப் பற்றிய பாட்டு வந்தது. தலைமையாசிரியை எங்கிருந்தோ தேடி எடுத்திருந்தார். எதுகை மோனைக்குக் குறையில்லை. ஒரு வாரம் கழித்து விடைத்தாள் கட்டோடு கூப்பிட்டார்.

"கொறஞ்சிட்ச்சி," என்றார். "பாதிப் பேரு ரெண்டு, ரெண்டர. முன்னாடி எல்லாம் நாலுக்குக் கொறஞ்சதில்ல. இந்தா பாரு."

மேலே இருந்தது வெள்ளிமலைக்காரியின் தாள். பாட்டில் ஆறு ஓடுகிறது, ஆடுகிறது, சிரிக்கிறது, பாடுகிறது, ஆனால் எங்கேயும் ஈரமாக இல்லை என்று எழுதியிருந்தாள். நாலு வரியில் நாலு வேலை செய்கிற ஆற்றில் கால் நனைக்க இடமில்லை என்றும், மூன்றாம் வரியில் வரும் கூழாங்கல் மட்டும்தான் நிஜ ஆற்றிலிருந்து வந்தது என்றும், கவிஞர் அதை இன்னும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு.

"படிச்சீங்களா மேடம்?"

"படிச்சேன்."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குது."

"அப்புறம் ரெண்டு?"

"தலைப்பு எங்க? எதுகை எங்க? பொதுத் தேர்வுல திருத்தறவங்க தலைப்பத் தேடுவாங்க. நிறுத்திப் படிக்க நேரம் இருக்காது. நான் ரெண்டு போட்டேன், அவங்க ஒண்ணு போடுவாங்க. திங்கக்கெழமலேந்து ஆறாவது, சரியா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வகுப்பில் போய்ச் சொன்னேன். உருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். யாரும் உருகவில்லை. வெள்ளிமலைக்காரிக்குக் கோபம்தான் வந்தது.

"நல்லா இருக்குதுன்னு அவங்க வாயாலயே சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"சீட்டு இல்லாததுதான் கொறயா?"

"எந்தச் சீட்டு?"

"மூட்ட மேல சீட்டு ஒட்டுனாத்தான மிஸ் எட போடுவாங்க. ஒட்டிக் குடுத்துட்டாப் போச்சு."

தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அதே பதில்தான், ஒரு எழுத்து மாறவில்லை. ஒவ்வொரு பத்திக்கும் மேலே ஒரு தலைப்பை அடிக்கோடிட்டு நட்டுக்கொண்டே வந்தாள். ஆறு ஓடி ஆடிச் சிரிக்கிறது என்ற இடத்தில் 'திரண்ட கருத்து'. கூழாங்கல் மேல் 'அணி நயம்'. கவிஞர் அவசரப்பட்டுவிட்டார் என்பதற்கு 'மையக் கருத்து'. எங்கேயும் ஈரமாக இல்லை என்ற வரிக்கு எதைப் போடுவது என்று வகுப்பே ஆளுக்கொன்று கத்தியது.

"சந்தத்துல போடு."

"அது திட்டு, சந்தத்துல எப்பிடிப் போடறது?"

"சுவ நயத்துல போடு," என்றான் ரிஷிவந்தியத்தான். "உப்பு கம்மின்னு சொல்றதும் சுவதான?"

போட்டாள். எதுகைக்கும் மோனைக்கும் பாட்டிலிருந்து இரண்டிரண்டு சொற்களைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். எனக்கே பிடிக்கவில்லை. நன்றாகச் சீவிய தலையில் எட்டு க்ளிப் மாட்டியது மாதிரி இருந்தது. ஆனாலும் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிப் படித்தார். சிவப்புப் பேனா தலைப்புத் தலைப்பாக இறங்கியது. 'மையக் கருத்து'வில் நின்றது.

"மையக் கருத்துல கவிஞரத் திட்டியிருக்கறா."

"அவளுக்கு மையக் கருத்தே அதுதான் மேடம்."

பேனா மறுபடி நகர்ந்தது. 'சுவை நயம்' வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பா கோபமா தெரியவில்லை. நாலரை போட்டார்.

"அரை மார்க் எதுக்குக் குறைச்சீங்க மேடம்?"

"கையெழுத்து கேவலமா இருக்குது. மீதிப் பேரையும் இப்பிடியே எழுதிக் காட்டச் சொல்லு. பாக்கறேன்."

கடைசிப் பீரியடில் எழுதினார்கள். சிலர் தலைப்பை மாற்றி நட்டுவிட்டார்கள். ஒருவன் எல்லாத் தலைப்பையும் முதல் பக்கத்திலேயே வரிசையாக எழுதிவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி கீழே பதிலை எழுதியிருந்தான். ஆனாலும் மதிப்பெண் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மாலை ஐந்து மணி பஸ்ஸுக்கு நான் ஓடிக்கொண்டிருந்தபோது மாடி வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

"பத்தாவத நீயே வெச்சிக்கம்மா. ஆனா ஏலம், கீலம் இனிமே வேப்பமரத்தடிலயே நடக்கட்டும். கிளாஸ்ல சத்தம் கூடாது."

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். யூரியா மூட்டையைக் காட்டி அந்தத் தலைப்புகளைக் கிண்டல் செய்தவள், கரும்பலகையின் இடது ஓரத்தில் என் கையாலேயே தலைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. முடித்துத் திரும்பியதும் வெள்ளிமலைக்காரி கை தூக்கினாள்.

"மிஸ், இயைபு வுட்டுட்டீங்க."

எழுதினேன்.