ஒரு கரண்டி தாது உப்பு

எட்டு வயதில் எனக்கிருந்த பொறாமைக்கு நாலு காலும் ஒரு குட்டை வாலும் உண்டு. அது அக்காவின் செம்மறிக் கிடாக்குட்டி.

மேலூர்ச் சந்தையில் இரண்டு குட்டிகள் வாங்கி வந்த அப்பா, ஆளுக்கொன்றாக எங்களிடம் விட்டிருந்தார். கொழுக்க வைத்து விற்பதற்குத்தான் என்று அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. கம்பு, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை எல்லாம் இரண்டுக்கும் ஒரே அளவு. கூடவே மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லி வாங்கிய தாது உப்பு, காலையில் ஒரு கரண்டி. அப்படியும் அக்காவின் குட்டிதான் மினுமினுத்தது. "பெரியவ கை ராசியான கை" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

அக்கா தீவனத்தில் உப்பைக் கலந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவாள். அவள் தலை மறைந்ததும் அதில் பாதியை அள்ளி என் குட்டியின் சட்டியில் போட்டுவிடுவேன். ஒரு மாதத்தில் என்னுடையது தளதளவென்று ஆகிவிட்டது. அவளுடையது வளராமல் நின்றது. அப்பா அவளைச் சோம்பேறி என்று ஏசினார். "சின்னவதான் கெட்டிக்காரி" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பக்ரீத்துக்கு முன்னால் கோரிப்பாளையத்திலிருந்து வியாபாரி வந்தார். இரண்டின் முதுகிலும் விரலை ஊன்றித் தடவிப் பார்த்தார்.

"இது நல்லாத் தேறியிருக்குண்ணே. எம்புட்டுக் கறி பிடிச்சிருக்கு பாருங்க! அது எலும்பாக் கெடக்கு, இருக்கட்டும்."

அக்காவைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன். அதை உள்ளே இழுப்பதற்குள் கயிறு அவர் கைக்குப் போய்விட்டது. குட்டி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்திக்கொண்டே போனது. நான் மண்ணில் புரண்டு அழுதேன்.

"அடுத்த சந்தையில வேற வாங்கித் தாரேன் தாயி" என்றார் அப்பா.

அக்கா தன் குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. திருடியதை நானே அவளிடம் ஒப்புக்கொண்டு, ஒன்னோடதுதான் போயிருக்கணும் என்று கத்தினேன்.

"நீ அள்ளுறது மொத நாளே தெரியும்டி" என்றாள். "அள்ளட்டும்னுதான் தண்ணிக்கு மெதுவாப் போயிட்டு வந்தேன்."

அவளைக் கள்ளி என்று திட்டினேன். ஆனாலும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு உதை விழுந்திருக்கும், அவள் ஏச்சிலிருந்து தப்பியிருப்பாள். மாதம் முழுக்க அத்தனையையும் வாங்கிக்கொண்டு எதற்காகச் சும்மா இருந்தாள்? அப்பாவிடம் நல்ல பெயர் வாங்குவதைவிடப் பெரிய காரியம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதே எனக்கு அப்போது தெரியாது.