நான் சாகவிடாத நரி

அந்த நரிமீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. சாக வேண்டுமென்றால் மூன்றாவது புத்தகத்தில் செத்துத் தொலைந்திருக்கலாம். ஈப்போ ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்குக் காத்திருந்த என் மகளின் கட்டிலோரம் உட்கார்ந்து நான் படித்துக் காட்டிய இரண்டாவது புத்தகத்தில்தானா சாக வேண்டும்?

முதல் புத்தகத்தை அவளேதான் படித்தாள். ஆங்கிலப் புத்தகம். செமோரில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் நான் சமைத்துக்கொண்டிருப்பேன். அவள் அடுப்படி வாசலில் நின்று, அன்றன்று படித்ததைத் தமிழில் எனக்குச் சொல்லுவாள். காணாமல்போன அண்ணனைத் தேடி ஒரு பெண் பனிமலை ஏறுகிறாள். மூன்று கால் கிழட்டு நரி ஒன்று புலம்பிக்கொண்டே அவளுக்கு வழிகாட்டுகிறது. "நரின்னா திருட்டுப்பய தானே?" என்று கேட்டால், "இது நல்ல நரிம்மா. உங்கள மாதிரியே மூக்குக்கு மேல கோவம்" என்பாள். சிரித்துச் சிரித்துக் குழம்பை அடிப்பிடிக்க விட்டிருக்கிறேன்.

இரண்டாவது புத்தகம் வாங்கிய வாரத்தில்தான் அவளுக்கு எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் கூட்டிக்கொண்டு போனோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தலைக்குள் கட்டி இருக்கிறது என்றார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு! நான் கும்பிடாத சாமி இல்லை. திட்டாத சாமியும் இல்லை.

"நீங்க படிச்சுச் சொல்லுங்கம்மா. நான் உங்களுக்குச் சொன்னேன்ல?" என்று புத்தகத்தை என் மடியில் வைத்தாள். இரும்புக் கடையில் பில் போடும் அளவுக்குத்தான் எனக்கு ஆங்கிலம். தெரியாத வார்த்தையைக் கைபேசியில் தேடி, ஒரு பக்கத்தை வாய்க்குள் படித்து, பிறகு தமிழில் சொல்லுவேன். என் வாயில் அந்த மலைநாட்டுச் சனங்களெல்லாம் நான் பிறந்த சுங்காய் ரப்பர் தோட்டத்து லயன் வீட்டுக்காரர்களாகி, ஒருவரையொருவர் "அண்ணே", "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக அகராதியையே மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

பாதிப் புத்தகத்தில் ஒரு தொங்குபாலம் அறுந்தது. நரி கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டது. பெண் கரையேறினாள். நரி விழுந்து செத்துப்போனது. வாய்க்குள் படித்துக்கொண்டிருந்த நான் அப்படியே நிறுத்திவிட்டேன்.

"என்னம்மா ஆச்சு? சொல்லுங்க லா!"

அந்தத் தோட்டத்தில், நோயாளியின் தலைமாட்டில் சாவுப் பேச்சை எடுக்கவே மாட்டார்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் போய்ச் சேர்ந்திருந்தால்கூட, "ஊருக்குப் போயிருக்காரு" என்பார்கள். ரப்பர் மரம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது, நாங்கள் பட்டணத்துக்கு வந்தோம், அந்தப் பயம் மட்டும் கூடவே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கிளம்பும்போது "வாரேன்" என்றுகூடச் சொல்வதில்லை. மறுபடியும் இங்கேயே வரும்படி ஆகிவிடுமாம். தலையை ஆட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். அன்று காலையில்தான் என் அக்கா பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு, என்னை வெளியே இழுத்துப்போய்ச் சொல்லியிருந்தாள்: "கெட்ட வார்த்த ஒண்ணு உன் வாயில வரக் கூடாது. வந்தா நடந்துரும். ஆமா, சொல்லிட்டேன்."

"நரியும் கரையேறிடுச்சு," என்றேன். "தொப்பலா நனைஞ்சு, தும்மிக்கிட்டு நிக்குது."

"அதானே பார்த்தேன்," என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! புத்தகத்தில் இல்லாத நரியை ஒவ்வொரு பக்கத்திலும் இழுத்துக்கொண்டு அலைந்தேன். அந்தப் பெண் நரியை நினைத்து விம்மி அழுத இடத்தில், அவளுக்குப் பல்வலி என்றேன். அவள் தனியாகப் படுத்திருந்த குகையில் நரியைக் குறட்டை விட வைத்தேன். ஆபரேஷனுக்கு முதல் நாள், கடைசியில் மலையுச்சியில் ஒரு கல் கதவு வந்தது. புத்தகத்தில் அவள் கதவின் முன் நின்று, "என் நரி செத்துவிட்டது" என்று சொல்கிறாள், கதவு திறக்கிறது. என் கதையில் என்ன செய்வது? இருவரும் சுவரேறிக் குதித்தார்கள் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அது ஏறிக் குதிக்கிற கதவு இல்லம்மா. முதல் புத்தகத்துலேயே நரி சொல்லுச்சே. யாரையாவது பறிகொடுத்தவங்க அத வாய்விட்டுச் சொன்னாத்தான் தொறக்கும்னு." எழுந்து உட்கார்ந்து, "நரி செத்துடுச்சா?" என்றாள்.

"சீ! என்ன பேச்சு இது? வாயக் கழுவு!"

என் முகம் இருக்கும் பக்கம் பார்த்தாள். அவளுக்கு எத்தனை முகம் தெரிந்ததோ. "டாக்டர் சொன்னதையும் இப்படித்தான் மாத்திச் சொன்னீங்களா?"

மாற்றித்தான் சொல்லியிருந்தேன். ஆபரேஷன் செய்யாவிட்டால் பிள்ளை தங்காது. செய்தால் பிழைக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் பார்வை போகலாம், கண் விழிக்காமலே போகவும் கூடும் என்று டாக்டர் என்னிடமும் என் கணவரிடமும் வராந்தாவில் வைத்துச் சொல்லியிருந்தார். அதை நான் அவளிடம், "காது குத்துற மாதிரி, சுருக்குன்னு முடிஞ்சுரும்" என்று சொல்லியிருந்தேன்.

"நாளைக்கு எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொன்னா, நான் எப்படிம்மா நம்புறது?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கதறினேன். என் பிள்ளை நாளைக்குப் போய்விட்டால், அம்மா பொய் சொல்லுகிறாள் என்ற நினைப்போடல்லவா போவாள்? என்னையே நம்ப முடியாவிட்டால் அவள் வேறு யாரை நம்புவாள்? மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி கதவைத் தட்டி, "கக், ஓகேயா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

புத்தகத்தைப் பின்னால் புரட்டிப் பாலத்துக்குப் போனேன். "திரும்பு. ஒழுங்கா படிக்கிறேன்." கயிறு அறுந்ததைச் சொன்னேன். பல்லால் கடித்ததைச் சொன்னேன். அந்த வார்த்தை வரும்போது அக்காவின் முகம் கண்முன் வந்து நின்றது. "நரி செத்துடுச்சு, கண்ணு," என்றேன்.

வாய்விட்டு அழுதாள். நானும்தான். ஒரு நரிக்காக இரண்டு பேர் இப்படி அழுவதைப் பக்கத்துக் கட்டில் சீனத்து அம்மா விக்கித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுது முடித்து, "இப்ப டாக்டர் சொன்னத சொல்லுங்க," என்றாள். சொன்னேன், ஒன்றையும் விடாமல்.

"உங்களுக்குப் பயமா இருக்காம்மா?"

"ரொம்ப பயமா இருக்குடி."

"எனக்கும்," என்று என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "கதவு தொறந்த பொறகு என்னன்னு இப்ப சொல்லாதீங்க. வந்து கேக்குறேன்."

மறுநாள் காலையில் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். அறை வாசலில், எங்கள் சனம் யாரும் சொல்லாததை அவள் சத்தமாகச் சொன்னாள்: "போய்ட்டு வாரேம்மா." அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். கணவர் ஜன்னல் பக்கமே நின்றார். நான் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. டாக்டர் வெளியே வந்து, கட்டியை எடுத்துவிட்டோம், உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்னபோது அந்தப் புத்தகத்திலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அவளுக்கு நினைவு வந்தபோது தலை முழுக்கக் கட்டு, உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் வீங்கி மூடியிருந்தது. என் கையைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

"நரி?"

"செத்துடுச்சு, கண்ணு. மாத்தல."

"என் கண்ணு?"

"தெரியல. வீக்கம் வத்தினாத்தான் சொல்ல முடியுமாம். டாக்டருக்கே இன்னும் தெரியல."

காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டாள்.

"நான்?"

"நீ பொழச்சுட்ட, தாயி."

"சரி," என்றாள். என்னை நம்பி, தூங்கிப் போனாள்.